கர்னலின் புழக்கடை வாசல்

1950களின் நடுவில் ஐ.பி.எம். 704 போன்ற ஒரு பெரிய கணிப்பொறியை வாடகைக்கு எடுத்திருந்த ஸ்தாபனத்தில் நிரல் எழுத அமர்ந்தவருக்குக் கணக்கைப் போடுவது பாதி வேலை. துளை அட்டை படிக்கும் கருவியையும் காந்த நாடாவையும் அச்சுப்பொறியையும் தாமே கட்டளையிட்டு நடத்துவது மறு பாதி. நாடா சுழலத் தொடங்கியபின், படிக்கும் முனையைத் தரவு கடந்து செல்லும் வேகத்துக்கு ஈடாக நிரல் அதனை வாங்கிக்கொள்ளாவிட்டால் காரியம் கெட்டுப்போகும் ஆதலால், கணிதத்தில் எத்தனை வல்லவராயினும் அவர் நாடாவின் சுபாவத்தையும் கற்றுத் தீரவேண்டியவரானார். பக்கத்து ஸ்தாபனத்தில் ஒருவர் எழுதி முடித்துவிட்டதையே தாமும் முதலிலிருந்து எழுத நேர்ந்த அலுப்பு ஒரு காரணமாக, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் அந்த யந்திரத்தைக் கையாண்டவர்கள் 1955ஆம் ஆண்டு ஒன்றுகூடி 'ஷேர்' என்ற சங்கத்தை அமைத்து, தத்தம் நிரல் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கினார்கள், பின்னர் ஐ.பி.எம். தானும் இத்தகைய துண்டுகளைத் தொகுத்து ஒரு முறைமையாக்கித் தன் வாடிக்கைக்காரர்களுக்கு வழங்கலாயிற்று. இன்று டிரைவர் என்று நாம் அழைக்கும் ஜாதியின் பூர்வீகம் இதுதான்.

ஆனால் பூர்வீக டிரைவர் ஒரு சௌகரியமே தவிரக் கட்டாயமன்று. அதை விரும்பாதவர் ஒதுக்கிவிட்டு நேரே சாதனத்தைத் தொடலாம், தடுப்பார் ஒருவருமில்லை. ஒரே யந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறை 1960களில் தலையெடுத்தபோதுதான், ஒருவருடைய நிரல் மற்றொருவருடைய நாடாவை அழித்துவிடாதபடி சாதனங்களைத் தொடும் அதிகாரம் முழுவதையும் ஒரு மேற்பார்வை நிரலிடம் ஒப்படைத்து, மற்ற நிரல்கள் அதனிடம் விண்ணப்பித்தே எதையும் பெறவேண்டும் என்ற நியதி உண்டாயிற்று. அந்த மேற்பார்வை நிரலைப் பிற்காலத்தார் கர்னல் என்றார்கள். விண்ணப்பம் என்று ஒன்று ஏற்பட்டவுடனேயே, அதை எந்த வடிவத்தில் எழுதவேண்டும், அதில் எதைக் கேட்கலாம், கேட்டதற்கு விடை எப்படி வரும் என்ற கேள்விகளும் உடன்பிறந்தன. இக்கட்டுரையின் விஷயம் அந்த விண்ணப்பப் படிவத்தின் சரித்திரமே.

1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 யந்திரத்தின் இயங்குதளம் இந்தப் படிவத்தை மிகவும் விரிவாக அமைத்தது. நிரலாசிரியர் தம் தரவு எந்த வகைப் பதிவுகளால் ஆனது, ஒவ்வொரு பதிவும் எத்தனை பைட் நீளமுடையது, எத்தனை பதிவுகள் சேர்ந்து ஒரு கட்டாகின்றன, அவற்றை வரிசையாகப் படிக்கவேண்டுமா அல்லது இடம் சொல்லிப் படிக்கவேண்டுமா என்பனவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் நிரப்பித் தரவேண்டும். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி நுழைவழிகள் இருந்தன. பெரிய வங்கிகளின் கணக்குகளுக்கு இந்த விஸ்தாரம் பொருந்தியதென்பதில் ஐயமில்லை. எனினும் அட்டைக்காக எழுதிய நிரலை வட்டுக்கு மாற்ற விரும்பியவர் அடைந்த சிரமத்தை, அந்நாளில் அதில் உழைத்தவர்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு மனப்பான்மையிலிருந்து யூனிக்ஸ் பிறந்தது. எம்.ஐ.டி.யும் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும் பெல் ஆய்வுக்கூடமும் கூட்டாக நடத்திய மல்டிக்ஸ் என்னும் பெருமுயற்சியிலிருந்து பெல் ஆய்வுக்கூடம் 1969ஆம் ஆண்டு விலகிக்கொண்டபின், நியூ ஜெர்சி மாநிலத்து மரே ஹில்லில் இருந்த அக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் வேறு சில நண்பர்களும், அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி.-7 என்ற சிறு யந்திரத்தின்மேல் தங்களுக்கென ஓர் இயங்குதளத்தை ஆக்கினார்கள். இவர்கள் கண்ட கோப்பு ஒரு பைட் வரிசையே தவிர வேறொன்றுமில்லை. பதிவு நீளமும் கட்டும் அதற்குக் கிடையா. கோப்பை இத்தனை எளிமையாக்கியபின், சாதனத்தையும் அதே உருவத்தில் காட்டிவிட்டால் என்ன என்பது அவர்களுக்கு இயல்பாகத் தோன்றியிருக்கவேண்டும். 'டெவ்' என்னும் கோப்பகத்துக்குள் அச்சுப்பொறிக்கு ஒரு பெயர், நாடாவுக்கு ஒரு பெயர், ஒவ்வொரு முனையத்துக்கும் ஒரு பெயர் என்று வைத்து, அப்பெயர்களைச் சாதாரணக் கோப்புகளைப் போலவே திறக்கவும் படிக்கவும் எழுதவும் மூடவும் வகை செய்தார்கள்.

1974 ஜூலையில் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்த தங்கள் கட்டுரையில் ரிட்சியும் தாம்ஸனும் இந்த ஏற்பாட்டுக்கு மூன்று அனுகூலங்களைச் சொன்னார்கள்: கோப்புக்கும் சாதனத்துக்கும் வாசிப்பும் எழுத்தும் இயன்றவரை ஒன்றுபோலவே இருக்கும், இரண்டின் பெயர்களும் ஒரே இலக்கணத்துக்கு உட்பட்டவையாதலால் கோப்புப் பெயரை எதிர்பார்க்கும் எந்த நிரலுக்கும் சாதனப் பெயரைக் கொடுக்கலாம், கோப்புகளைக் காக்கும் அனுமதி விதிகளே சாதனங்களையும் காக்கும். மூன்றாவதன் அருமையைப் பலர் கவனிப்பதில்லை. புதிதாக ஒரு காவல்முறையை யோசித்து நிறுவாமல், முன்பே இருந்ததை நீட்டிப் போர்த்திவிட்ட சிக்கனம் அது.

உள்ளே நடந்தது இன்னும் எளிது. ஒவ்வொரு சாதனக் கோப்புக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதலாவது எந்த டிரைவர் என்பதையும், இரண்டாவது அந்த டிரைவரின் ஆளுகையிலுள்ள பலவற்றுள் எந்தச் சாதனம் என்பதையும் குறிக்கும். கர்னலுக்குள் ஒரு பட்டியல். அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு டிரைவரின் திறப்பு, மூடல், வாசிப்பு, எழுத்து ஆகிய காரியங்களைச் செய்யும் நிரல்களின் முகவரிகள். நிரல் 'படி' என்றதும் கர்னல் முதல் எண்ணைக் கொண்டு பட்டியலில் வரியைப் பிடித்து, அங்கே கண்ட முகவரிக்குத் தாவி, இரண்டாம் எண்ணை அதன் கையில் கொடுத்துவிடும். வருஷங்கள் பல கடந்தும், யூனிக்ஸின் வழியில் பின்னாளில் எழுந்த லினக்ஸில் இந்த இரட்டை எண் முறை அழியாமல் இருக்கிறது.

இது வீட்டின் தலைவாசல். கோலமும் நிலைமாலையும் இந்த வாசலுக்குத்தான். வந்தவர்கள் புகழ்ந்ததும் இதைத்தான். ஆனால் எந்த வீட்டிலும் சகல காரியங்களும் தலைவாசல் வழியே நடந்துவிடுவதில்லை என்பது போல, சாதனங்களிடம் நிரல்கள் கேட்க விரும்பியவற்றுள் படித்தல் எழுதுதல் என்ற இரண்டிலும் அடங்காத மிச்சம் ஒன்று முதல் நாளிலிருந்தே இருந்தது. அந்த மிச்சத்துக்காகத் திறக்கப்பட்ட புழக்கடை வாசலில்தான் இந்தச் சரித்திரத்தின் சுவையான பகுதி நிகழ்ந்தது.

முதலில் அந்த வழியே வந்தது டெலிடைப். மரே ஹில்லில் அக்காலத்து முனையமென்பது திரையன்று, காகிதச் சுருளில் தட்டச்சடிக்கும் யந்திரம். டெலிடைப் 33 என்ற வகை விநாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்களை மட்டுமே அறியும். வரி முடிந்து அச்சுத்தலை இடது ஓரத்துக்குத் திரும்பிச் சேருமுன் அடுத்த எழுத்தை அனுப்பினால் அது காகிதத்தின் நடுவில் எங்காவது விழுந்துவிடும். ஆகவே திரும்பும் நேரத்துக்காக எத்தனை காலம் தாமதிப்பது, பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக மாற்றிக்கொள்வதா, அடித்த எழுத்தைத் திரும்பக் காட்டுவதா, எந்த எழுத்தை அடித்தால் முந்திய எழுத்தை அழிப்பது, எதை அடித்தால் வரி முழுவதையும் தள்ளிவிடுவது என்பன போன்ற நிர்ணயங்களை முனையத்துக்கு முனையம் மாற்றவேண்டியிருந்தது. அழிப்பதற்கு '#', வரியைத் தள்ளுவதற்கு '@' என்பது அந்நாளைய வழக்கம். மின்னஞ்சல் முகவரியில் '@' புகுந்தபின் யூனிக்ஸ்காரர்கள் பட்ட அவஸ்தையை ஊகித்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் முனையத்திலிருந்து வரும் எழுத்துக்களுமல்ல, அதற்குப் போகும் எழுத்துக்களுமல்ல. அந்தப் போக்குவரத்தின் விதிகள். விதிகளை எழுத்துக்களோடு கலந்து அனுப்பினால் எது விதி, எது எழுத்து என்று டிரைவருக்குத் தெரியாது. எனவே நிலையைக் கேட்டறிய ஒன்றும் அதை மாற்ற ஒன்றுமாக இரண்டு பிரத்தியேக அழைப்புகளைக் கர்னலில் வைத்தார்கள். 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பின் கையேட்டைப் பார்த்தால், இந்த அழைப்புகள் எடுத்துச் சென்றது மொத்தம் ஆறே பைட்: வரும் வேகம், போகும் வேகம், அழிப்பெழுத்து, வரித்தள்ளல் எழுத்து ஆகிய நான்கும் ஒவ்வொரு பைட், மீதி இரண்டு பைட்டில் மற்ற நிலைகள் ஒவ்வொரு பிட்டாக. இவ்வளவு சிறிய மிச்சம்தான்.

முனையத்தின் இந்தப் பழைய ஏற்பாட்டுக்கும் தமிழ் எழுதுகிறவர்களுக்கும் ஒரு மெய்யான தொடர்பு உண்டென்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழிப்பெழுத்தை அடித்தால் டிரைவர் கடைசிப் பைட்டை எடுத்துவிடும் என்பதே பழைய விதி, யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் பெறுவதால், ஒரு முறை அழித்தால் எழுத்தின் மூன்றிலொரு பங்கு மட்டும் போய் மீதி முண்டமாய் நின்றது. லினக்ஸ் 2.6.4 பதிப்பில், 2004ஆம் ஆண்டு, 'வருவது யூ.டி.எஃப்.-8' என்று டிரைவருக்கு அறிவிக்கும் ஒரு பிட் அந்த நிலைகளின் கூட்டத்தில் சேர்ந்தபின் இந்தக் குறை நீங்கியது. ஆனால் டிரைவர் எண்ணுவது குறியீடுகளையே தவிர எழுத்துக்களை அல்லவாதலால், 'கா' என்பதை அழிக்க இன்றும் இரண்டு முறை அடிக்கவேண்டும்.

டெலிடைப்பை அடுத்து நாடா வந்தது. நாடாவை மூடும்போது தொடக்கத்துக்குச் சுற்றிவிடவேண்டுமா, இருந்த இடத்திலேயே விட்டுவிடவேண்டுமா என்பதும் வாசிப்பு எழுத்துக்களில் அடங்காத ஒரு வேண்டுகோள். அதற்கு மரே ஹில்காரர்கள் கண்ட உபாயம் எனக்கு எப்போதும் பிரியமானது: ஒரே நாடாவுக்கு இரண்டு பெயர் வைத்து, ஒரு பெயரால் திறந்தால் மூடும்போது சுற்றிவிடும் என்றும் மற்றதால் திறந்தால் சுற்றாது என்றும் இரண்டாம் எண்ணிலுள்ள ஒரு பிட்டைக் கொண்டு சாதித்துவிட்டார்கள். தலைவாசலை விட்டு நகராமலே காரியம் முடிந்தது. லினக்ஸின் நாடா டிரைவர் இன்றுவரை இந்த இரட்டைப் பெயரைக் காத்துவருகிறது. ஆனால் விருப்பங்கள் இரண்டானால் பெயர்கள் நான்கு, மூன்றானால் எட்டு. இந்த உபாயம் நெடுந்தூரம் வராது.

1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் ரிட்சியும் தோழர்களும் டெலிடைப்புக்கென்றிருந்த இரண்டு அழைப்புகளையும் பொதுமையாக்கி, எந்தச் சாதனத்துக்கும் பயன்படத்தக்க ஒரே அழைப்பை நிறுவினார்கள். அதுவே ஐஆக்டல். அதற்கு மூன்று அவயவங்கள்: திறந்த கோப்பின் எண், கட்டளையின் எண், பின்னும் ஒன்று. அந்தப் பின்னும் ஒன்று எது வேண்டுமானாலும் ஆகலாம். ஒரு தொகையாகலாம், நினைவகத்தில் ஓரிடத்தின் முகவரியாகலாம், அந்த இடத்தில் கர்னல் படிப்பதாகவோ எழுதுவதாகவோ இரண்டுமாகவோ இருக்கலாம், அங்கேயுள்ள அமைப்பு ஆறு பைட்டாகவும் ஆறாயிரம் பைட்டாகவும் இருக்கலாம். கட்டளை எண்ணைக் கண்டு டிரைவர் ஒன்றே அதன் பொருளை அறியும். கர்னலின் நடுப்பகுதி உள்ளே என்ன இருக்கிறதென்று பாராமல் உறையை வாங்கி அப்படியே டிரைவரிடம் சேர்த்துவிடும்.

ஐஆக்டலைத் தூற்றாத யூனிக்ஸ் அறிஞர் அரியர். வகையறியாத மூன்றாம் அவயவத்தைத் தொகுப்பி சோதிக்க இயலாது. கட்டளை எண்களை ஒவ்வொரு டிரைவரும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுமாதலால், வட்டுக்கான கட்டளையைத் தவறி முனையத்துக்கு அனுப்பினால் அது அங்கே வேறு பொருளில் நிறைவேறிவிடக்கூடும். நடுவிலிருந்து கவனிக்கும் எந்தக் காவலனுக்கும் உள்ளே போவது யாதென்று தெரியாது. குற்றச்சாட்டுகள் யாவும் மெய்யே. ஆயினும் என் அபிப்பிராயத்தில் ஐஆக்டல் ஒரு தவறன்று, ஓர் ஒப்புதல். எல்லாச் சாதனங்களும் பைட் வரிசைகளே என்ற அழகிய கொள்கைக்கு அடங்காத மிச்சம் உண்டென்பதை அதை வகுத்தவர்களே ஒப்புக்கொண்டு, அந்த மிச்சத்துக்கு ஓரிடம் கொடுத்தார்கள். போதிய இடம் கொடுக்காமற் போனவர்களுக்கு நேர்ந்ததை நாம் வேறிடத்தில் பார்க்கிறோம்.

வேறிடம் என்றது மைக்ரோசாஃப்ட்டின் டாஸ். 1983இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் யூனிக்ஸின் சாயலில் சாதனங்களுக்குக் கோப்புப் பெயர்களும், பயனர் விரும்பிச் சேர்த்துக்கொள்ளத்தக்க டிரைவர்களும், ஐஆக்டலை ஒத்த ஓர் அழைப்பும்கூட இருந்தன. ஆனால் திரைக்கும் ஒலிக்கும் அச்சுக்கும் நிரலாசிரியர்கள் விரும்பிய எதையும் அந்த வழியே கேட்டுப் பெற முடியவில்லை. சாதனங்களை நேரே தொடுவதைத் தடுக்கும் காவலும் அங்கில்லை. விளைவு, 1955க்கு முந்திய காலம் திரும்பியது. வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற சொற்செயலி தன் அச்சுப்பொறி டிரைவர்களைத் தானே சுமந்து திரிந்தது. விளையாட்டு நிரல்கள் ஒவ்வொன்றும் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையின் துறைகளில் நேரே எண்களை எழுதியதால், நிறுவும்போது அட்டையின் முகவரியையும் குறுக்கீட்டு எண்ணையும் பயனரையே கேட்டன. இடைமுகம் குறுகினால் நிரல்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியின் மரபோ வேறு. அங்கே டேவிட் கட்லர் முதலியோர் அமைத்த இயங்குதளங்களில் வாசிப்பும் எழுத்தும் கட்டுப்பாடும் ஒரே அழைப்பின் வேறுவேறு காரிய எண்களாகவே இருந்தன, வி.எம்.எஸ். இயங்குதளத்தில் அந்த அழைப்பு ஆறு பொது அவயவங்களைத் தாங்கிச் சென்றது. கட்லர் பின்னர் மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்று ஆக்கி 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யில், கட்டுப்பாட்டு அழைப்பு போகும் தரவுக்கு ஒன்றும் வரும் தரவுக்கு ஒன்றுமாக இரண்டு இடங்களையும் அவற்றின் அளவுகளையும் தனித்தனியே கேட்டது; கட்டளை எண்ணின் 32 பிட்டுக்குள்ளேயே சாதனத்தின் ஜாதி, வேண்டிய அதிகாரம், காரியம், தரவை எம்முறையில் கைமாற்றுவது என்ற நான்கும் அடங்கின. யூனிக்ஸின் அழைப்பைவிட இது ஒழுங்கானதென்பதை யூனிக்ஸ் அன்பர்களும் மறுக்கலாகாது.

யூனிக்ஸின் பக்கத்திலும் ஒழுங்கு செய்யும் முயற்சி நடந்தது. பெர்க்கிலி பல்கலைக்கழகத்தார் தங்கள் யூனிக்ஸில் கட்டளை எண்ணுக்குள் தரவு போகும் திசையையும் அளவையும் பொதிந்துவைத்தார்கள். லினக்ஸ் அதைப் பின்பற்றி, திசைக்கு 2 பிட், அளவுக்கு 14 பிட், டிரைவரின் குலக்குறிக்கு 8 பிட், வரிசை எண்ணுக்கு 8 பிட் என்று பகுத்தது. இதிலும் ஒரு வேடிக்கை நேர்ந்தது. இந்த எண்ணை ஆக்கித்தரும் மேக்ரோவிடம் அமைப்பின் பெயரைக் கொடுத்தால் அதுவே அளவைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்றிருக்க, சில டிரைவர் ஆசிரியர்கள் அளவைத் தாங்களே கணக்கிட்டுக் கொடுத்துவிட, அளவின் அளவு அந்த எண்ணில் பதிந்துபோயிற்று. பிழை தெரிந்தபோது நிரல்கள் அதே எண்ணைக் கொண்டு வெளியாகிவிட்டன; ஆகவே பிழையே விதியாகி நிலைத்தது. 1988இல் வந்த பாசிக்ஸ் நியமமோ முனையத்தின் மட்டில் ஐஆக்டலையே கைவிட்டு, நிலையை அறியவும் மாற்றவும் வகையறிந்த தனித்தனிச் சார்புகளை விதித்தது. உள்ளே பெரும்பாலும் அவை ஐஆக்டலையே அழைத்தன என்பது வேறு கதை.

1983இல் பெர்க்கிலியின் 4.2 பதிப்பு வலைத்தொடர்பைக் கொண்டுவந்தபோது தலைவாசலே கைவிடப்பட்டது என்று சொல்லலாம். சாக்கெட் என்ற புதிய ஏற்பாட்டில் தொலைவிலுள்ள யந்திரத்துடன் இணைவதற்குக் கோப்பைத் திறக்கவேண்டியதில்லை. ஈதர்நெட் அட்டைக்கு டெவ் கோப்பகத்தில் பெயரே கிடையாது. அட்டைக்கு முகவரி இடவேண்டுமானால், யாதொரு தொடர்புமில்லாத ஒரு சாக்கெட்டைச் சும்மா திறந்து அதன்மேல் ஐஆக்டல் செய்யவேண்டும். தலைவாசலில்லாத அறைக்குப் புழக்கடை மட்டும் இருந்தது.

இந்தப் போக்கைக் கண்டு மனம் வருந்தியவர்கள் மரே ஹில்லிலேயே இருந்தார்கள். ராப் பைக், கென் தாம்ஸன், டேவ் பிரெசொட்டோ முதலியோர் 1980களின் பிற்பகுதியில் தொடங்கி 1992இல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கிய பிளான் 9 என்னும் இயங்குதளத்தில் ஐஆக்டல் இல்லவே இல்லை. ஒவ்வொரு சாதனமும் ஒரு கோப்பாக நில்லாமல் சில கோப்புகளின் குழுவாக நின்றது: ஒன்றில் தரவு, அடுத்ததில் கட்டளை, வேறொன்றில் நிலவரம். தொடர்நிலைத் துறையின் வேகத்தை 1200 ஆக்க விரும்பினால் அதன் கட்டளைக் கோப்பில் 'b1200' என்று எழுதினால் போதும். வலையில் இணைய விரும்பும் நிரல் ஒரு மூலக் கோப்பைத் திறந்து படித்தால் அதற்கென ஒதுக்கிய இணைப்பின் எண் எழுத்தில் கிடைக்கும். அந்த எண்ணின் பெயரிலுள்ள கோப்பகத்தில் கட்டளைக் கோப்பில் இன்ன முகவரியோடு இணை என்று எழுதினால், தரவுக் கோப்பின் வழியே பேசலாம். கட்டளைகள் யாவும் மனிதர் படிக்கத்தக்க எழுத்துக்களாதலால், இரு யந்திரங்கள் பைட்டுகளை எதிரெதிர் வரிசையில் வைத்தாலும் கேடில்லை. ஒரு யந்திரத்தின் சாதனத்தை வலையின் மறுகோடியிலிருந்து மற்றொரு யந்திரம் தன்னதுபோல் ஆளவும் முடிந்தது. ஐஆக்டலில் இது இயலாது, ஏனெனில் உறைக்குள்ளிருப்பது எத்தனை பைட் என்றே நடுவிலுள்ளோருக்குத் தெரியாதபோது எதை வலையில் அனுப்புவது?

பிளான் 9இன் அழகை நான் வாயாரப் புகழ்வேன். ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. கட்டளைக் கோப்பில் எழுதுகிற சொற்களின் இலக்கணத்தை ஒவ்வொரு டிரைவரும் தானே வகுத்தது; 'b1200' என்பது தொடர்நிலைத் துறைக்கு மட்டுமே விளங்கும். டிரைவருக்கும் நிரலுக்கும் மட்டும் தெரிந்த அந்தரங்கப் பேச்சு என்ற சங்கதி மாறவில்லை. அது படிக்கும்படியாக எழுதப்பட்டது என்பதே மாற்றம்.

ஐஆக்டல், எழுத்துமூலக் கோப்பு என்ற இந்த இரண்டு மரபுகளையும் லினக்ஸ் ஒருங்கே சுவீகரித்துக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் ஹான்னு சவொலைனன் எழுதிய ஒலி டிரைவர்களில், ஒலிக்கோப்பை ஒலிச்சாதனக் கோப்பில் அப்படியே கொட்டினால் ஒலிபெருக்கி பேசும். மாதிரி வேகத்தை மாற்ற மட்டும் ஐஆக்டல். இதைக் கண்டு மகிழாத யூனிக்ஸ் அன்பர் இல்லை. அவற்றின் இடத்தைப் பிடித்த ஆல்சா என்னும் முறையிலோ, நிரல்கள் சாதனக் கோப்பை நேரே அணுகவேண்டாமென்றும் அதற்கான நூலகத்தின் வழியே அணுகுக என்றும் விதிக்கப்பட்டது. கர்னலுக்கும் நூலகத்துக்கும் இடையே ஐஆக்டல்கள் மலிந்தன. நிரலாசிரியர் அவற்றைக் காணவில்லை.

எழுத்துமூலக் கோப்புகளின் மரபு 'ப்ராக்', 'சிஸ்எஃப்எஸ்' என்ற இரண்டு கோப்பகங்களாக வந்தது. பின்னதில் ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பே என்பது விதி. எழுத்தென்றால் நெகிழ்வு, எளிதில் மாற்றலாம் என்று எண்ணியவர்களுக்கு அனுபவம் வேறு பாடம் சொல்லிற்று. போகோமிப்ஸ் என்று ஓர் எண். கர்னல் தன் சொந்தத் தாமதக் கணக்குக்காக அளந்துகொள்வது, வேகத்தை அறிய உதவாதது, பெயரிலேயே போலி என்ற ஒப்புதலைச் சுமப்பது. ஆர்ம் யந்திரங்களில் செயலியின் விவரத்தைச் சொல்லும் கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கிப் பார்த்தார்கள். அதை எதிர்பார்த்திருந்த நிரல்கள் பழுதுபட்டமையால் 2015இல் வரி திரும்பச் சேர்க்கப்பட்டது.

யந்திரங்கள் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் பெயர்ந்தபோது ஐஆக்டலின் பழைய கடன்கள் வட்டியோடு வசூலாயின. பழைய நிரல் அனுப்பும் அமைப்பில் முகவரி நான்கு பைட். புதிய கர்னல் எதிர்பார்ப்பதோ எட்டு. இன்னும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு: 64 பிட் எண்ணொன்றை இன்டெலின் 32 பிட் மரபு நான்கால் வகுபடும் இடத்திலும், 64 பிட் மரபு எட்டால் வகுபடும் இடத்திலும் வைப்பதால், அளவுகள் யாவும் சரியாக இருந்தும் அமைப்பின் நடுவில் நான்கு பைட் வெற்றிடம் ஒன்று தோன்றி எல்லாவற்றையும் நகர்த்திவிடும். நூற்றுக்கணக்கான கட்டளைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக ஒரு பெருங்கோப்பு கர்னலில் வளர்ந்தது. 2005 முதல் ஒவ்வொரு டிரைவரும் தன் மொழிபெயர்ப்பைத் தானே வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். கர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு என்றிருந்த பெரும் பூட்டைக் களைய முயன்றபோதும் ஐஆக்டல்கள் அதன் பிடிவாதமான புகலிடங்களுள் ஒன்றாய் நின்றன. 2011இல் வந்த 2.6.39 பதிப்பில்தான் அந்தப் பூட்டு முற்றும் ஒழிந்தது.

2012 டிசம்பரில் நடந்த ஒரு சம்பவம் பிரசித்தம். காணொளிச் சாதனங்களின் டிரைவரில், ஓர் ஐஆக்டல் தோல்வியுற்றால் திருப்பித்தரும் பிழை எண்ணை, 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று பொருள்படும் எண்ணாக மாற்றினார்கள். அதனால் சில பயனர் நிரல்கள் இடறின. குற்றம் நிரல்களுடையதே என்று கர்னலின் காணொளிப் பகுதியின் பராமரிப்பாளர் எழுதப்போக, லினக்ஸை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுஞ்சினங்கொண்டு எழுதிய விடையின் தொனியை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் அவருடைய வாதங்கள் இரண்டும் சரியானவை: கர்னலின் மாற்றத்தால் ஓடிக்கொண்டிருந்த நிரல் பழுதுபட்டால் அது கர்னலின் பிழையே, ஐஆக்டல் என்பது ஏற்கெனவே திறந்த கோப்பின்மேல் செய்வதாகையால், கோப்பு இல்லை என்று அது சொல்வதற்கு நியாயமே இல்லை. சாதனத்துக்குப் பொருந்தாத கட்டளை வந்தால் சொல்லவேண்டிய பிழைக்கு 25 என்ற எண் டெலிடைப் காலத்திலிருந்தே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 'இது தட்டச்சு யந்திரமன்று' என்பதே அதன் பழைய வாசகம்.

வரைகலைத் துறையில் 2009க்குப் பின் திரையின் நிலையை அமைக்கும் வேலை எக்ஸ் சர்வர் என்ற பயனர் பக்கத்துத் திரை நிரலிடமிருந்து கர்னலுக்குப் பெயர்ந்தது. ஒவ்வொரு உற்பத்தியாளரின் வரைகலைச் செயலிக்கும் தனித்தனி ஐஆக்டல் கூட்டம், அதற்கு எதிர்முனையில் பயனர் பக்கத்தில் தனித்தனி நூலகத் துணை. அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு: புதிய கட்டளையைக் கர்னலில் சேர்க்க விரும்புகிறவர் அதை உண்மையில் பயன்படுத்தும் திறந்தமூல நிரலையும் காட்டவேண்டும். 2007இல் லினக்ஸ் 2.6.20இல் சேர்ந்த கே.வி.எம். இன்னும் துணிந்து, மெய்நிகர் யந்திரத்தைப் படைப்பது, அதற்குச் செயலியை அளிப்பது, ஓட்டுவது ஆகிய அனைத்தையும் ஐஆக்டல்களாலேயே சாதித்தது. படைக்கும் கட்டளை ஒவ்வொன்றும் ஒரு புதிய கோப்பெண்ணைத் திருப்பித்தர, அதன்மேல் அடுத்த ஐஆக்டல். அதன் இடைமுகப் பதிப்பு எதுவென்று கேட்டால் 12 என்று விடை வரும். இனி அந்த எண் மாறாது என்று ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். புதியன சேர்க்கலாம்; பழையதை மாற்ற இடமில்லை.

2019ஆம் ஆண்டு ஜென்ஸ் ஆக்ஸ்போ லினக்ஸ் 5.1இல் சேர்த்த 'ஐஓ-யூரிங்' என்ற ஏற்பாடு, கர்னலும் நிரலும் பங்கிட்டுக்கொண்ட இரண்டு வளையங்களின் வழியே, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் கர்னலுக்குள் போய்த் திரும்பும் செலவின்றி வாசிப்பும் எழுத்தும் நடக்கச் செய்தது. ஐம்பது ஆண்டுகளில் விண்ணப்பப் படிவம் கண்ட பெரிய மாற்றம் அது. வாசிப்பும் எழுத்தும் மட்டும் போதா என்பது அங்கேயும் விரைவில் தெரிந்தது. என்.வி.எம்.இ. வட்டுகளுக்கு அவற்றின் சொந்தக் கட்டளைகளை அனுப்ப வேண்டியிருந்ததால், 2022இல் வந்த 5.19 பதிப்பில் வளையத்தின் வழியே செல்லத்தக்க ஒரு பொதுக் கட்டளையைச் சேர்த்தார்கள். சாதாரண வேண்டுகோளில் அதற்கென ஒதுக்கிய இடம் 16 பைட்; பெரிய வடிவத்தில் 80. அந்தப் பைட்டுகளில் என்ன இருக்கவேண்டும் என்பதைக் கர்னல் விதிக்கவில்லை, டிரைவரே பார்த்துக்கொள்ளும்.